தினமும் காலையில் ஒரு வலி மாத்திரை: எனக்கு இருப்பது சைனஸ் தலைவலிதானா?

திருப்பூரிலிருந்து 37 வயது வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு பிள்ளைகள். கல்லூரிக் காலத்திலிருந்தே தலைவலி உண்டு. அப்போதெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, பெரும்பாலும் மாதவிலக்கை ஒட்டி வரும். ஒரு பக்கப் பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கும், கண் கூசும், மிக்ஸி சத்தம்கூட ஆகாது. வாந்தி எடுத்துவிட்டு இருட்டறையில் படுத்தால் மறுநாள் தெளிந்துவிடும். அம்மாவுக்கும் இதே உபத்திரவம் இருந்தது. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடப்பாராம்.

இரண்டு வருடமாக நிலைமை வேறு. எழுந்திருக்கும்போதே தலை பாரமாக இருக்கிறது. காபி குடித்துவிட்டு, அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை ஒன்றைப் போட்டால்தான் ஆபீஸ் கிளம்ப முடிகிறது. மாதத்தில் 20 நாளுக்குக் குறையாமல் இப்படி. தாங்கவே முடியாத நாட்களில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, எர்காட்டமின் கலந்த 'ஒற்றைத் தலைவலி மாத்திரை'யும் போடுகிறார்.

வலியோடு மூக்கடைப்பும் கண்ணீரும் சேர்ந்து வருவதால் சைனஸ் என்று சொல்லி, இதுவரை மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் சைனஸ் சவ்வு லேசாகத் தடித்திருப்பதாகவும் மூக்கின் நடுச்சுவர் வளைந்திருப்பதாகவும் வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் தலைவலி போய்விடும் என்கிறார்களாம். கண்ணாடி பவரை இரண்டு தடவை மாற்றியும் பயனில்லை. தலைக்குக் குளித்தால் வலி வருகிறது. 'தலையில் நீர் கோத்திருக்கு, அடிக்கடி குளிக்காதே' என்கிறார் மாமியார். 'எனக்கும்தான் தலைவலி வருது, ஒரு டீ குடிச்சா போயிடுது, நீதான் பெரிசு பண்றே' என்கிறார் கணவர். தெரிந்தவர் ஒருவர் மூளைக் கட்டியில் இறந்துபோனதிலிருந்து இவருக்குத் தூக்கமும் சரியில்லை.

இவற்றோடு போகிற போக்கில் இன்னும் சில விஷயங்கள். பி.சி.ஓ.டி. என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக மூன்று வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார், எடை கூடியிருக்கிறது. சின்ன வயதில் வீசிங் இருந்தது. போன வருடம் இரண்டு முறை கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண் முன்னால் வளைந்து நெளிந்த ஒளிக்கோடு மின்னிக்கொண்டே பெரிதாகி, 20 நிமிடத்தில் மறைந்தது. அதன் பிறகு தலைவலி வந்தது.

ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, கட்டியாக இருக்குமா, 11 வயது மகளுக்கும் இது வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கட்டியும் இல்லை, சைனஸும் இல்லை. அந்த ஒளிக்கோடும் கருத்தடை மாத்திரையும்தான்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

கண் முன் மின்னி, மெல்ல விரிந்து, ஒரு மணி நேரத்துக்குள் மறைந்து, பின்னாலேயே தலைவலியைக் கூட்டிவரும் அந்த ஒளிக்கோட்டுக்கு ஆரா என்று பெயர். மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் இது வரும். ஆரா உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பக்கவாதம் வரும் அபாயம் கூடுகிறது. அதனால் இவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்ற பிரிவில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரா இல்லாத மைக்ரேன் இருந்தாலும் அந்த மாத்திரை உகந்ததல்ல.

பதற வேண்டாம். உங்கள் வயதில் பக்கவாதம் அபூர்வம்தான். ஆனால் தவிர்க்க முடிந்த ஒரு அபாயத்தை எதற்காகத் தினமும் விழுங்க வேண்டும்? இந்த வாரமே உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, 'எனக்கு ஆராவோடு மைக்ரேன் வருகிறது' என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். காப்பர்-டி, ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ள மருந்துகள் என்று மாற்று வழிகள் இருக்கின்றன. பி.சி.ஓ.டி.யில் மாதவிலக்கைச் சீராக்கவும் ஈஸ்ட்ரோஜன் இல்லாத முறைகள் உண்டு. உங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஒளிக்கோடு வந்ததே போன வருடம்தான், அதை நீங்கள் அவரிடம் சொல்லவும் இல்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒளிக்கோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, கை கால் மரத்து வலுவிழந்தாலோ, பேச்சு குழறினாலோ, அது மைக்ரேன்தான் என்று படுத்துக்கொள்ளாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

சைனஸ் என்ற பெயர் எப்படி வந்தது?

நம் ஊரில் மைக்ரேனுக்கு மைக்ரேன் என்ற பெயரைத் தவிர எல்லாப் பெயரும் உண்டு. மூக்கு அடைத்தால் சைனஸ், மஞ்சளாக வாந்தி எடுத்தால் பித்தம், குளித்த பிறகு வந்தால் நீர்க்கோவை, படிக்கும் பிள்ளைக்கு வந்தால் கண் பவர். உங்களுக்கு இவை எல்லாமே சூட்டப்பட்டுவிட்டன.

நீங்கள் கல்லூரிக் காலத்து வலியை விவரித்திருக்கும் விதம் மைக்ரேனின் இலக்கணத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. சர்வதேசத் தலைவலி வகைப்பாடு என்ன கேட்கிறது என்றால், சிகிச்சை இல்லாவிட்டால் வலி 4 மணி முதல் 72 மணி நேரம் வரை இருக்க வேண்டும். ஒரு பக்கமாக வருவது, தெறிப்பது, வேலையைக் கெடுக்கும் அளவுக்குக் கடுமையாக இருப்பது, படி ஏறினால் கூடுவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு வேண்டும். கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்க வேண்டும், அல்லது வெளிச்சமும் சத்தமும் இரண்டுமே ஆகாமல் போக வேண்டும். இப்படி ஐந்து தடவையாவது வந்திருந்தால் மைக்ரேன். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. நோயாளி சொல்லும் கதையைக் கேட்டால் போதும். அதைக் கேட்கத்தான் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

அப்படியானால் மூக்கு ஏன் அடைக்கிறது, கண்ணில் ஏன் நீர் வடிகிறது? மூளை உறைக்கும், நெற்றிக்கும், கண்ணுக்கும், சைனஸ் அறைகளுக்கும் உணர்ச்சி தருவது ட்ரைஜெமினல் என்ற ஒரே நரம்பு. மைக்ரேனில் கிளர்ச்சி அடைவதும் அதே நரம்புதான். அது கிளர்ந்தால் அனிச்சையாகக் கண்ணீர்ச் சுரப்பியும் மூக்குச் சவ்வும் தூண்டப்படுகின்றன. கன்னமும் புருவமும் வலிப்பது சைனஸில் சீழ் இருப்பதால் அல்ல.

நிஜமான சைனஸ் அழற்சி வேறு மாதிரி இருக்கும். பெரும்பாலும் சளி பிடித்ததைத் தொடர்ந்து வரும். பச்சை மஞ்சளாகக் கெட்டியான சளி, காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது ஆகியவை இருக்கும். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னால் தேதி தவறாமல் வந்து, வாந்தி எடுத்தால் தணிகிற சைனஸ் கிடையாது. 2004இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. தனக்கு சைனஸ் தலைவலி என்று தாமாகவோ டாக்டர் சொல்லியோ நம்பியிருந்த 2,991 பேரை விசாரித்ததில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. இந்த ஏமாற்றம் உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

ஆபரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். மூக்கின் நடுச்சுவர் கொஞ்சமாவது வளைந்திருப்பது மிகச் சாதாரணம். சவ்வு லேசாகத் தடித்திருப்பதும் தலைவலியே இல்லாதவர்களின் ஸ்கேனில் வரும் சங்கதிதான். எப்போதும் ஒரு பக்க மூக்கில் மூச்சு விட முடியவில்லை, சீழ்ச் சளி அடிக்கடி வருகிறது என்றால் அதற்காக ஆபரேஷன் செய்துகொள்வது நியாயம். தலைவலிக்காக மட்டும் என்றால் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள் என்பேன். அவசர சிகிச்சை அல்ல அது, தள்ளிப் போடுவதால் இழப்பு ஒன்றுமில்லை. அதற்குள் மைக்ரேன் சிகிச்சை வேலை செய்துவிட்டால் கேள்வியே எழாது. இரண்டாவது கருத்து கேட்பது எந்த டாக்டரையும் அவமதிப்பதாகாது. உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. சி.டி. ரிப்போர்ட்டோடு படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் தலைவலியும் உங்களுடையதும்

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வருவது அநேகமாக இறுக்கத் தலைவலி. உலகில் அதிகம் பேருக்கு வருவது அதுதான். தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியது போல இரு பக்கமும் வலிக்கும், பிடரியும் தோளும் கடுக்கும். வாந்தி இருக்காது, நடந்தால் கூடாது, வேலையும் ஓடும். டீ, கொஞ்ச நேரம் ஓய்வு, எப்போதாவது ஒரு பாராசிட்டமால் போதும். தன் தலைவலியை அளவுகோலாக வைத்து உங்களுடையதை அளக்கிறார், அங்கேதான் தவறு. மைக்ரேன் நரம்பு மண்டலத்தின் நோய். பரம்பரையாக வருவது, பூப்பெய்திய பிறகு ஆண்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெண்களுக்கு வருவது. மனத்திடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தப் பத்தியை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

ஆண்களுக்கு அதிகம் வருகிற கொத்துத் தலைவலி என்று ஒன்று உண்டு. உங்களுக்கு அது இல்லை, ஆனாலும் வேறு யாராவது படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். ஒரே பக்கக் கண்ணைச் சுற்றித் தாங்க முடியாத வலி, 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை. பல நாட்களுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில், நடுராத்திரியில்கூட எழுப்பிவிடும். அந்தக் கண் சிவந்து நீர் கொட்டும். மைக்ரேன்காரர் அசையாமல் படுத்திருப்பார். இவரோ நிலைகொள்ளாமல் உலாத்துவார், சுவரில் முட்டிக்கொள்வார். இதற்கு வலி மாத்திரை உதவாது. முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வீதம் சுத்த ஆக்சிஜனை 15 நிமிடம் கொடுத்தால் பலருக்கு வலி அடங்கும். பல்வலி என்று பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் இவர்களில் உண்டு.

தினசரி வலிக்குக் காரணம் உங்கள் கைப்பையில் இருக்கிறது

மாதம் மூன்று முறை வந்த வலி எப்படித் தினமும் ஆனது? நோய் முற்றிவிட்டது என்று நினைக்கிறீர்கள். நான் அந்த மாத்திரை அட்டையைத்தான் சந்தேகிக்கிறேன்.

மைக்ரேன் உள்ளவர்கள் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டால், வலியை உணரும் நரம்புகள் இன்னும் கூர்மையாகிவிடுகின்றன. எர்காட்டமின், டிரிப்டான் என்ற மைக்ரேன் மருந்து வகை, கஃபைன் கலந்த வலி மாத்திரை, டிரமடால் போன்ற அபின் வகை வலி மருந்து என்றால் 10 நாளே போதும். இதை மருந்து மிகைப்பயன்பாட்டுத் தலைவலி என்கிறோம். கந்துவட்டிக்குக் கடன் வாங்கி இன்றைய செலவைச் சமாளிப்பது மாதிரி இது. காலையில் எழும்போதே தலை பாரமாக இருக்கிறதே, அது முந்தின நாள் மாத்திரையின் வேகம் இறங்கிய நேரம். மூட்டு வலிக்காகத் தினமும் இதே மாத்திரையைச் சாப்பிடுகிறவருக்குத் தலைவலி நோய் இல்லையென்றால் பொதுவாக இப்படி ஆவதில்லை. மைக்ரேன் மூளைக்குத்தான் இந்தப் பலவீனம். அதனால் இதை உங்கள் குணக்கேடு என்று நினைத்துக் கூச வேண்டாம்.

வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் கூடுவது என்று அசெக்ளோஃபெனாக் வகைக்கு வேறு விலையும் உண்டு. ஒரு முறை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

எர்காட்டமின் மாத்திரையை முழுதாக விட்டுவிடச் சொல்வேன். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்தால் கை கால் விரல்களுக்கு ரத்தம் போகாத அளவுக்குச் சுருக்கிவிடும். சைனஸ் என்று சொல்லி உங்களுக்கு மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களுக்கு நீங்கள் கடையில் எர்காட்டமின் வாங்குவது தெரிந்திருக்காது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை, நல்லது.

கட்டி பயமும் ஸ்கேனும்

வேறு எந்த அறிகுறியும் இல்லாமல், பல வருடமாக வந்து வந்து போகும் தலைவலிக்கு மூளைக் கட்டி காரணமாக இருப்பது மிக அபூர்வம். கட்டி என்றால் அநேகமாக வலிப்பு, ஒரு பக்கப் பலவீனம், பார்வைக் கோளாறு, நடத்தை மாற்றம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கூட வந்து நிற்கும். தலைவலி வரும் எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. தற்செயலாகத் தெரியும் ஒரு வெள்ளைப் புள்ளி அடுத்த ஆறு மாதத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். மைக்ரேன் உள்ளவர்களின் எம்.ஆர்.ஐ.யில் அப்படிப் புள்ளிகள் தெரிவது சகஜம்.

ஆனால் உங்களுக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. எடுப்பது சரி என்றே படுகிறது. கட்டியைத் தேடி அல்ல. தலைவலியின் போக்கு மாறியிருக்கிறது, ஆரா புதிதாக வந்திருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மூளைச் சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். எனவே சிரைகளையும் சேர்த்துக் காட்டும் எம்.ஆர். வீனோகிராம் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் சைனஸ் சி.டி. இதற்குப் போதாது.

அதற்கும் முன்னால் செலவு குறைந்த ஒரு பரிசோதனை இருக்கிறது. கண் டாக்டரிடம் பவர் பார்ப்பதோடு நிறுத்தாமல், மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். எடை கூடிய, குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் காரணமில்லாமல் ஏறி, தினமும் தலைவலி வருவதுண்டு. குனிந்து நிமிரும்போது சில நொடி கண் இருட்டுவது, காதில் நாடித் துடிப்பு கேட்பது அதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் பார்வை போகும். பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். கண்ணாடிக் கடையில் இரண்டு முறை பவர் மாற்றிய செலவை விட இது பயனுள்ளது.

யார் வீட்டிலும் கீழ்க்கண்ட தலைவலிகளுக்குத் தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது:

- இடி விழுந்ததுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி. மூளையில் ரத்தக் கசிவாக இருக்கலாம்.
- காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, குழப்பம், வலிப்பு.
- 50 வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் தலைவலி. பொட்டைத் தொட்டால் நோவு, மெல்லும்போது தாடை கடுப்பு என்றால் இன்னும் அவசரம்.
- கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியோடு வரும் வலி. கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கும்.
- தலையில் அடிபட்ட பின் நாளுக்கு நாள் கூடும் வலி.
- கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் வரும் கடுமையான வலி.

கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு அதிகம் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று இன்னும் சில வீடுகளில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் எளிதில் உறையும். உடலில் நீரும் வற்றினால் மூளைச் சிரை அடைத்துக்கொள்ள வழி செய்து கொடுத்ததாகும்.

இதிலிருந்து வெளியே வரும் வழி

மருந்தின் அளவை உங்களை நேரில் பரிசோதிக்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான், அங்கே நரம்பியல் பிரிவு இருக்கிறது. என்ன பேச வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக எழுதுகிறேன்.

முதல் வேலை, தினசரி மாத்திரையை நிறுத்துவது. நீங்கள் போடும் வகையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, ஒரேயடியாக விடலாம். முதல் இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை வலி முன்பைவிட மோசமாகும், குமட்டும், தூக்கம் கெடும். பலர் இங்கேதான் 'மாத்திரை இல்லாமல் முடியாது' என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். இது தற்காலிகம் என்று முன்பே தெரிந்திருந்தால் தாண்டிவிடலாம். கணக்கு வேலையில் இருப்பவர், 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கழுத்தைப் பிடிக்கும். 20 தாண்டிய பிறகு, முடிந்தால் மூன்று நாள் லீவு போட்டு ஆரம்பியுங்கள். மாதவிலக்குத் தேதியும் அதோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களைக் கடக்க வாந்தி மாத்திரையும் குறுகிய காலத் துணை மருந்தும் டாக்டர் தருவார். காபியை அதே வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள், அதனால் தனியாக ஒரு தலைவலி வரும். அளவு மாறாமல் குடியுங்கள், பிறகு மெல்லக் குறைக்கலாம். முழுப் பலன் தெரிய இரண்டு மாதம் ஆகலாம்.

கூடவே தடுப்பு மருந்து. வலி வந்தாலும் வராவிட்டாலும் தினமும் சாப்பிடுவது. அதிகம் எழுதித் தரப்படும் ப்ரோப்ரனோலால் உங்களுக்கு ஆகாது, வீசிங்கைக் கிளப்பிவிடும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கினால் தூக்கத்துக்கும் நல்லது, ஆனால் எடை கூடக்கூடும். ஃப்ளூனரிசின் நம் நாட்டில் நிறையக் கொடுக்கிறார்கள். அதிலும் எடை கூடும், சிலருக்கு மனச்சோர்வு வரும். வால்ப்ரோயேட் வேண்டாம். கருவைப் பாதிக்கும், பி.சி.ஓ.டி.யையும் மோசமாக்கும். நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருந்தால் டோபிரமேட்டைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். எடையைக் கூட்டாது, பலருக்குக் குறைக்கவும் செய்யும். விரல் நுனி குறுகுறுக்கும், பேசும்போது சில சமயம் வார்த்தை சட்டென்று வராது, சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு உகந்ததல்ல. திடீரென்று கண் வலித்து மங்கினால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதுவும் கருவுக்கு ஆகாது. ஆகவே காப்பர்-டி போன்ற நம்பகமான கருத்தடை இருந்தால் மட்டுமே.

எந்தத் தடுப்பு மருந்தானாலும் சரியான அளவில் இரண்டு மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்க்காமல் 'கேட்கவில்லை' என்று சொல்லக் கூடாது. வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே வெற்றி. அடியோடு ஒழித்துவிடுவேன் என்று யாராவது உறுதி சொன்னால் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்து மெல்ல நிறுத்திப் பார்ப்போம். இவை பலிக்காதவர்களுக்கு, தலையிலும் கழுத்திலும் 31 இடத்தில் 12 வாரத்துக்கு ஒரு முறை போடும் போடாக்ஸ் இருக்கிறது. மைக்ரேனில் வலியைக் கிளப்பும் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளைத் தடுக்கும் ஊசிகளும் 2018 முதல் வந்திருக்கின்றன. விலைதான் அதிகம். உங்களுக்கு இப்போது அவை தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, வலி வரும் அன்று போடுவது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்பதே சட்டம். நேப்ராக்ஸனோ சுமட்ரிப்டானோ, டாக்டர் சொல்வதை வலி தொடங்கியதுமே போட வேண்டும். 'தாங்கிப் பார்க்கலாம்' என்று இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பயன் குறைந்துவிடும். மைக்ரேனின்போது இரைப்பை வேலை மந்தமாகிவிடும், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். வாந்தி மாத்திரையைச் சேர்த்துத் தருவது இதற்காகவும்தான். ஒளிக்கோடு வந்தால் அது முடிந்து வலி தொடங்கும்போது சுமட்ரிப்டான் போடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. எர்காட்டமின் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும் கூடாது.

ஒரு நோட்டில் தேதி, எத்தனை மணி நேரம் வலி, என்ன மாத்திரை, மாதவிலக்கு, தூக்கம், விட்ட சாப்பாடு ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு மாத நோட்டு டாக்டருக்கு ஒரு ஸ்கேனை விடப் பயன்படும்.

தலைக்குக் குளிப்பது

மாமியார் கவனித்தது சரி, காரணம்தான் தவறு. தலைக்குக் குளித்தால் மைக்ரேன் கிளம்புவது உண்மை. மும்பைத் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல் இப்படிப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். மண்டைக்குள் நீர் இறங்குவதில்லை, இறங்க வழியும் இல்லை. வெந்நீரோ குளிர்ந்த நீரோ அதிகமாகப் படுவது, நீளமான கூந்தல் ஈரத்தோடு வெகுநேரம் இருப்பது என்று ஏதோ ஒன்று அந்த நரம்பைச் சீண்டுகிறது. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, உடனே துவட்டி உலர்த்திப் பாருங்கள். வெறும் வயிற்றில் குளிக்காதீர்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் இந்தத் தொல்லையும் குறையும்.

வெள்ளிக்கிழமை விரதத்தைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பட்டினி மைக்ரேனின் பழைய கூட்டாளி. பாலும் பழமும் நேரத்துக்குச் சாப்பிட்டு விரதம் இருக்கலாம், பச்சைத் தண்ணீர் விரதம் வேண்டாம். தூக்கம் ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போடக் கூச்சப்படாதீர்கள். தைலமும் சுக்குப் பற்றும் கொஞ்சம் இதம் தரும், கண்ணில் படாமல் போடுங்கள்.

உங்கள் மகள்

அவளுக்கு மாதம் ஒரு முறை வயிற்று வலி வருகிறது, பஸ்ஸில் போனால் வாந்தி என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் மைக்ரேன் இருக்கும் வீட்டில் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம்தான். சிறுவயதில் மைக்ரேன் தலைக்கு வராமல் வயிற்றுக்கு வருவதும் உண்டு. தொப்புளைச் சுற்றி வலி, முகம் வெளுத்துப் போவது, சாப்பாடு பிடிக்காமல் போவது, ஒன்றிரண்டு நாளில் தானாகவே சரியாகி விளையாடப் போய்விடுவது. ஆனால் வயிற்று வலிக்கு வேறு காரணங்கள் நிறைய என்பதால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கைப்பை மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஆஸ்பிரின் 16 வயதுக்குள் கூடவே கூடாது. காலைச் சாப்பாட்டை விடாமல், நேரத்துக்குத் தூங்க வைத்து, வயிற்று வலி வரும் தேதிகளை உங்கள் நோட்டிலேயே இன்னொரு பக்கத்தில் எழுதிவாருங்கள். மூன்று மாதக் குறிப்போடு போனால் குழந்தை மருத்துவருக்கும் வேலை சுலபம்.